தாய்மாமன் கொடுக்க முடியாத சீர்

உதடு குறுகுறுக்கத் தொடங்கினால் உடனே தாதியிடம் சொல்லிவிட வேண்டும். தட்டணு, அதாவது ரத்தக்கசிவை அடைக்கும் பிளேட்லெட், தானம் செய்யப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போகும். இயந்திரம் அதைச் சுற்றித் தட்டணுக்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். வழியில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது உடம்பிலுள்ள கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால்தான் அந்தக் குறுகுறுப்பு. ஒரு கால்சியம் மாத்திரையைச் சப்பினால் சரியாகிவிடும்.

சிங்கப்பூர் ஊட்ரம் சாலையில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ரத்த வங்கியில் அந்த நாற்காலியில் நான் 11 தடவை சாய்ந்திருக்கிறேன். பை நிறைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சிவப்பாக இருக்காது, இளமஞ்சளாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே மெல்லச் சுழற்றினால் உள்ளே பட்டுப்புடவையின் மினுமினுப்பு மாதிரி ஒன்று நெளியும். தட்டணுக்கள் உயிர்ப்போடு இருப்பதற்கு அது அடையாளமாம். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, மறைப்பானேன்.

என் வேலை சாங்கி சரக்குப் பகுதியில் குளிர்பதனக் கிடங்கு. மீன், தடுப்பூசி, ரோஜாப்பூ எதுவானாலும் குளிரில் வைத்தால் தாங்கும் என்பது எங்கள் தொழிலின் வேதம். தட்டணு மட்டும் இதற்கு அடங்காது. ஃபிரிட்ஜில் வைத்தெடுத்து ஏற்றினால் கல்லீரல் அவற்றைச் சீக்கிரமே பிடித்து அப்புறப்படுத்திவிடும். அதனால் 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாமல் ஆடும் தட்டில் வைக்கிறார்கள், தூளியில் போட்ட பிள்ளை மாதிரி. அப்படி வைத்தாலும் ஆயுள் ஐந்து நாள், கூடுதல் கிருமிப் பரிசோதனை செய்தால் ஏழு நாள். அந்த வெப்பத்தில் கிருமிக்கும் கொண்டாட்டம் என்பதால்தான் இந்தக் கெடு.

இவ்வளவும் தெரிந்து வைத்திருந்தவன் நான். அதனால், 2023இல் என் தங்கைக்கு 26ஆவது வாரத்திலேயே குழந்தை பிறந்து, இரண்டாம் நாள் "தட்டணு குறைவாக இருக்கிறது" என்று டாக்டர் சொன்னபோது, பதறியது தங்கைதான். எனக்கு ஒருவிதத்தில் தெம்பு வந்தது. இது என்னிடம் இருக்கும் சரக்கு, நான் கொடுப்பேன் என்று நினைத்தேன்.

குழந்தையின் எடை 820 கிராம். தங்கைக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர், அப்போது இந்தியப் பெருங்கடலில் எங்கோ இருந்தார். ஆகவே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகும் அனுமதி அவருக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது. இன்குபேட்டருக்குள் கிடந்ததைப் பிள்ளை என்று நம்பவே எனக்கு ஒரு நாள் ஆனது. என் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத பாதம். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கை 31 ஆயிரம் என்று வந்தது. பெரியவர்களுக்கும் சரி, குழந்தைகளுக்கும் சரி, ஒன்றரை லட்சத்துக்குமேல் இருக்க வேண்டும்.

"நாளைக்கே நான் வந்து கொடுக்கிறேன், எனக்கும் ஓ பாசிட்டிவ்தான்" என்றேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண், முப்பதுகளில் இருப்பார். அவசரமே படாமல் பேசுவார். முதலில் அந்த எண்ணையே நம்பவில்லை. குதிகாலைப் பிழிந்து எடுக்கும் ரத்தத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், இயந்திரம் அவற்றைக் குறைத்து எண்ணிவிடும் என்றார். நரம்பிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்ததில் 46 ஆயிரம். அதற்கு ஒரு துளிதான் எடுத்தார்கள், ஏனென்றால் அவளிடம் மொத்தமாகவே 70 மில்லி ரத்தம்தான் இருந்தது. காப்பிக்கடைச் சின்னக் கோப்பையில் பாதி.

அடுத்து, என்னிடம் இரண்டு விஷயங்களுக்கு இல்லை என்றார். ஒன்று, இப்போது தட்டணு ஏற்றப் போவதில்லை. இரண்டு, ஏற்றினாலும் என்னுடையதை ஏற்ற விரும்பமாட்டார்கள்.

இரண்டாவதுதான் எனக்கு முதலில் உறைத்தது. தாய்மாமன் ரத்தம் ஆகாதா? நம் ஊரில் காது குத்த மாமன் மடி வேண்டும், தாலிக்கு மாமன் சீர் வேண்டும், ரத்தத்துக்கு மட்டும் மாமன் ஆகாதா? அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். தானமாக வரும் ரத்தத்தில் கொடுத்தவரின் வெள்ளணுக்கள் சில தங்கியிருக்கும். அந்நியருடையது என்றால் வாங்கிக்கொண்ட உடம்பு அவற்றை அடையாளம் கண்டு அழித்துவிடும். நெருங்கிய சொந்தம் என்றால் இரண்டு பேரின் திசு அடையாளமும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். நம்மவன்தானே என்று உடம்பு விட்டுவிடும். உள்ளே புகுந்தவன் பெருகி, வீட்டுக்காரனையே தாக்க ஆரம்பிப்பான். இது மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் போய்விடும். அதற்காகத்தான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான பைகளைக் கதிர்வீச்சில் காட்டி அந்த வெள்ளணுக்கள் பெருக முடியாமல் செய்கிறார்கள். அப்படிச் செய்தாலும், முகம் தெரியாத ஒருவரின் பை தயாராக இருக்கும்போது சொந்தக்காரரிடம் வாங்க வேண்டிய அவசியம் என்ன என்பது அவர் கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

முதல் மறுப்புதான் வீட்டில் பூகம்பத்தைக் கிளப்பியது. நான்காம் நாள் எண்ணிக்கை 38 ஆயிரத்துக்கு இறங்கியும் டாக்டர் அசையவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தஞ்சாவூர்ப் பக்கம் முழுக்க விழித்துக்கொண்டது. "பிளேட்லெட் முப்பத்தெட்டா? உடனே ஏத்தச் சொல்லு!" "டாக்டரை மாத்து." ஒரு பெரியம்மா பப்பாளி இலைச்சாறு வைக்கும் முறையை ஒலிப்பதிவாகவே அனுப்பியிருந்தார். பிள்ளை மூக்குக் குழாய் வழியாக ஒரு மில்லி பால் குடிக்கவே திணறிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் மக்களுக்கு டெங்கு கற்றுக்கொடுத்த சொல் பிளேட்லெட். அதோடு, குறைந்தால் ஏற்று என்ற சூத்திரத்தையும் அதுவே கற்றுக்கொடுத்தது.

அந்தச் சூத்திரம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை உடைந்திருந்தது. சிங்கப்பூரில் டெங்கு 35 ஆயிரம் பேரைத் தாண்டிய 2020ஆம் ஆண்டு அது, அதுவரை காணாத எண்ணிக்கை. கரையில் மாட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கும் வந்தது. தட்டணு 17 ஆயிரம். ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்று சொல்லி, ஏற்றாமலே வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். நான் அன்றைக்கு ஆத்திரப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களே நம்மூர்க்காரர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து மருத்துவமனைகளில், தட்டணு 20 ஆயிரமோ அதற்குக் கீழோ போன 372 டெங்கு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏற்றி, மறு பாதிக்கு ஏற்றாமல் பார்த்திருக்கிறார்கள். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரத்தக்கசிவு ஏற்றியவர்களில் 21 சதவீதம், ஏற்றாதவர்களில் 26. தற்செயலாகவே வந்துவிடக்கூடிய வித்தியாசம்தான். பக்கவிளைவுகள் ஏற்றிய பக்கம் 13 தடவை, ஏற்றாத பக்கம் 2 தடவை.

ஆனால் அது வளர்ந்த ஆளின் கதை. 820 கிராமுக்கு அது பொருந்துமா? குறைமாதக் குழந்தையின் மூளைக்குள், ஈரல் போல மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்குள்ள ரத்தக் குழாய்களின் சுவர் அவ்வளவு மெல்லியது, முதல் மூன்று நாளில் அங்கேதான் கசியும். அந்தப் பயத்தில்தான் உலகம் முழுவதும் மருத்துவர்கள் தட்டணுவைத் தாராளமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 50 ஆயிரம் என்பார், இன்னொருவர் லட்சம் என்பார். அவரவர் பழகிய இடத்தின் வழக்கம் அது. 1993இல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, எண்ணிக்கையை ஒன்றரை லட்சத்துக்குமேல் தூக்கி நிறுத்தியும் மூளைக் கசிவு குறையவில்லை என்று காட்டியது. அப்போதும் பெரிதாக யாரும் கையை இழுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டாக்டர் எனக்கு ஓர் ஆய்வின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். பிளானட்-2. இரவு ஷிஃப்டில், பனிப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 34 வாரத்துக்கு முன் பிறந்த 660 குழந்தைகள். நடுவாந்திர எடை 740 கிராம், எங்கள் பிள்ளையைவிடக் குறைவு. தட்டணு 50 ஆயிரத்துக்குக் கீழே போனதும் அவர்களை இரண்டு அணியாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு 50 ஆயிரத்துக்குக் கீழே இருந்தாலே ஏற்றினார்கள், மற்ற அணிக்கு 25 ஆயிரத்துக்குக் கீழே போனால் மட்டும். 28 நாளுக்குள் இறந்துபோனது அல்லது புதிதாகப் பெரிய ரத்தக்கசிவு வந்தது எத்தனை பேருக்கு என்று எண்ணினார்கள்.

தாராளமாக ஏற்றிய அணியில் 26 சதவீதம். கையை இறுக்கிய அணியில் 19.

நான் அட்டவணையைத் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். தலைப்பை மறுபடி பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதிகம் கொடுத்த பக்கம்தான் அதிகம் போயிருந்தது. நுரையீரல் நாட்பட்ட நோயும் அந்தப் பக்கமே கூடுதல். அதே குழந்தைகளைத் திருத்திய வயதில், அதாவது பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் வயதில், இரண்டு ஆண்டு ஆனபோது மறுபடி பார்த்து 2023இல் எழுதியிருக்கிறார்கள். இறப்பு அல்லது வளர்ச்சிக் குறைபாடு, தாராள அணியில் 50 சதவீதம், மற்றதில் 39. அம்மா ஒன்றும் அறியாமல் முட்டை கொடுத்தும் பால் கொடுத்தும் வளர்த்த இந்த 11 தடவை தானம் செய்த உடம்பு அப்போது நாற்காலியில் என்னமோ சுருங்கிப்போனது.

அம்மாவிடம் மறுநாள் சொன்னேன். அம்மா 1966இல் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறியது. ஏதோ தானே முன்னின்று நடத்திய மாதிரி அதைச் சொல்வார். அவருக்குப் பிறகு பிறந்த ஒரு தம்பி குறைமாதம், பெயர் வைக்கும் முன்பே போய்விட்டதாம்.

"நல்லதுதானே குடுத்தாங்க. குடுத்த பிள்ளைக்கு ஏன் கூடுதலா ஆச்சு?" என்று கேட்டார்.

இதைத்தான் நானும் டாக்டரிடம் கேட்டிருந்தேன். உறுதியான ஒற்றைக் காரணம் இன்னும் யார் கையிலும் இல்லை, சந்தேகங்கள் சில உண்டு என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது அளவு. ஒரு கிலோவுக்கு 15 மில்லி என்ற கணக்கில் அவளுக்கு 12 மில்லி போகும். அவளுடைய 70 மில்லியில் அது ஆறில் ஒரு பங்குக்கு மேல். எனக்கு அதே விகிதத்தில் ஏற்றுவதென்றால் 850 மில்லிக்குக் குறையாது. அதை ஒரு மணி நேரத்துக்குள் என் நரம்பில் தள்ளினால் நானே ஆடிப்போவேன், முற்றாத ரத்தக் குழாய்கள் என்ன செய்யும்?

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது, விஷயம் கவலைக்குரியது என்றாலும். பச்சைக் குழந்தையின் தட்டணுக்கள் இயல்பிலேயே மந்தமானவை, சீண்டினாலும் சட்டென்று எழாது. அது குறை இல்லை. அதை ஈடுகட்ட, குழந்தையின் ரத்தத்தில் ஒட்டவைக்கும் புரதம் கூடுதலாக இருக்கிறது, சிவப்பணுவும் அடர்த்தியாக இருக்கிறது. தராசு வேறு புள்ளியில் சமமாக நிற்கிறது. அங்கே கொண்டுபோய் என்னைப்போல் நாற்பது வயது ஆசாமியின் முரட்டுத் தட்டணுக்களைக் கொட்டினால்? தொப்புள்கொடி ரத்தத்தில் பெரியவர்களின் தட்டணுக்களைக் கலந்து பார்த்த ஆய்வகச் சோதனையில், உறைவது வழக்கத்தைவிட வேகமாகியிருக்கிறது. தட்டணுவின் வேலை ரத்தக்கசிவை அடைப்பது மட்டும் இல்லையாம், வீக்கத்தைத் தூண்டும் பொருட்களையும் சுமந்து திரிகிறது.

அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப, சின்னப் பிள்ளைக்குப் பெரியவங்க சாப்பாடு குடுத்த மாதிரி" என்றார். டாக்டர் வரைந்த படத்தைவிட இது எனக்குத் தெளிவாக இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது எனக்கு வேறு ஒரு நினைப்பு. அந்த 660 குழந்தைகளின் அப்பா அம்மாக்கள். உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்று எங்களுக்கே தெரியவில்லை, குலுக்கல் போட்டு முடிவு செய்யலாமா என்று ஒருவர் வந்து கேட்டிருப்பார், இன்குபேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு. கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கு ஆள் சேர்க்க 2011இல் தொடங்கி 2017 வரை ஆகியிருக்கிறது. என்னை அப்போது கேட்டிருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன். ஏற்றுங்கள் என்றுதான் சத்தம் போட்டிருப்பேன். அவர்களில் யாரோ ஒருவர் 26 சதவீதப் பக்கத்தில் விழுந்தவர். அவர் போட்ட கையெழுத்தால்தான் எங்கள் டாக்டர் 38 ஆயிரத்தைப் பார்த்துவிட்டு உள்ளங்கையை மூடி வைத்துக்கொள்ள முடிந்தது.

கையை மூடி வைப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்தார்கள். இடப்பக்கம் ஒரு சின்னக் கசிவு, முதல் நிலை, பயப்பட வேண்டாம் என்றார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள், பெரிதாகவில்லை. தோலில் ஊதாப் புள்ளி வருகிறதா, மூச்சுக் குழாயில் சிவப்பு தெரிகிறதா, மலம் கறுக்கிறதா என்று தாதியர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 25 ஆயிரம் என்ற கோடும் எல்லாருக்கும் பொதுவானது அல்ல. ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலோ, அறுவை சிகிச்சை என்றாலோ, தாயின் எதிர்ப்புப் புரதமே பிள்ளையின் தட்டணுவை அழிக்கும் நோயானாலோ கணக்கு வேறு. எட்டாம் நாள் எண்ணிக்கை தானாகவே 58 ஆயிரத்துக்கு ஏறியது. கர்ப்பப்பையில் நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாததால் வந்த குறைவு இப்படித்தான் மெல்லத் தேறுமாம். தஞ்சாவூர் அமைதியானது. பெரியம்மா, தான் வேண்டிக்கொண்டதுதான் காரணம் என்று எழுதினார். இருக்கட்டும்.

பன்னிரண்டாம் நாள் இரவு அவள் மூச்சை அடிக்கடி மறந்தாள். தோல் சாம்பல் நிறமானது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆன்டிபயாட்டிக் தொடங்கிய கையோடு எடுத்த ரத்தத்தில் தட்டணு 19 ஆயிரம், மறுமுறை பார்த்தபோதும் அதேதான். டாக்டர் தங்கையிடம் வந்து, "இப்போது கொடுக்கிறேன்" என்றார். அதே நிதானக் குரல். முன்பு ஏற்ற மாட்டேன் என்றபோது கோபப்பட்ட நான், இப்போது ஏற்றப் போகிறேன் என்றதும் பயந்தேன். எல்லாம் படித்ததன் பலன்.

பை வந்தது. மேலே கதிர்வீச்சு செய்ததற்கான சீட்டு. இரண்டு தாதியர் எதிரெதிரே நின்று, குழந்தையின் கைப்பட்டை எண்ணையும் பையின் எண்ணையும் உரக்கப் படித்து ஒத்துப் பார்த்தார்கள், எங்கள் கிடங்கில் மருந்துப் பெட்டி கைமாறும்போது செய்வதுபோல. ஒருவர் பையை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார். பட்டு மினுங்கியது. சிரிஞ்சில் 12 மில்லிக்குச் சற்று மேல் எடுத்து, மோட்டார் பொருத்தி, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். சிரிஞ்சின் தண்டு நகர்வது கண்ணுக்கே தெரியவில்லை. யாருடைய கையிலிருந்து வந்ததோ. இரண்டு மூன்று நாளுக்கு முன்பு யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து, உதடு குறுகுறுக்க உட்கார்ந்திருப்பார். தங்கை தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. விடிகாலையில் 61 ஆயிரம். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை ஏற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மொத்தம் இரண்டு.

அவள் வீட்டுக்கு வந்தது, பிறக்க வேண்டிய தேதிக்கு ஒரு வாரம் முன்பு. 2025இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலிலும் இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு 25 ஆயிரம்தான் கோடு என்று பார்த்தபோது, டாக்டருக்கு ஒரு வணக்கம் போடத் தோன்றியது.

நான் தட்டணு தானத்தை விடவில்லை. கொஞ்ச நாள் போகாமல் இருந்தது உண்மை. என் பை எந்தப் பிள்ளைக்கு அநாவசியமாகப் போகுமோ என்று ஒரு அசட்டு யோசனை. பிறகு, அந்த 19 ஆயிரம் இரவில் ஊட்ரத்தில் பை இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் பதிவு செய்தேன். கொடுப்பது என் வேலை, எப்போது எடுப்பது என்பது அவர்கள் வேலை. வார்டில் பழக்கமான ஒரு தம்பதி அண்மையில் தொலைபேசியில் கேட்டார்கள், அவர்கள் பிள்ளைக்கு 42 ஆயிரமாம், ஏன் ஏற்றவில்லை என்று. உங்கள் டாக்டரையே கேளுங்கள், உங்கள் எல்லை எது, ஏன் என்று. அவருக்குக் கோபம் வராது, வந்தாலும் பரவாயில்லை என்றேன்.

காதுகுத்து விஷயத்தில் ஒரு சிக்கல் வந்தது. பதினோராம் மாதம் குத்த வேண்டும் என்றார் அம்மா. டாக்டர்கள் இவளுக்கு எல்லாவற்றையும் திருத்திய வயதில் சொல்வார்கள், 14 வாரத்தைக் கழித்துவிட்டு. அந்தக் கணக்கில் அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. "கிரகத்துக்கெல்லாம் திருத்திய வயசு கிடையாது" என்று அம்மா முடித்துவிட்டார். கடைசியாகப் பார்த்த எண்ணிக்கை இரண்டே முக்கால் லட்சம். டாக்டரும் சரி என்றார்.

தேக்காவில் நகைக்கடை மாடியில் என் மடியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீடியோ எடுத்தார். ஆசாரி இரண்டு நொடியில் முடித்துவிட்டார். அவள் அலறிய அலறலில் கீழே பேரம் நின்றது. இடது காதில் ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுகையை நிறுத்தி, என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரத்தம் நின்னு எவ்வளவு நேரமாச்சு" என்றார் அம்மா. "அந்தப் பஞ்சை எடுடா."